உறுப்பினர் சபையில் இல்லை

எறும்பு இப்போது இடது காதுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. மாலையோடு வந்த எறும்பு. கடைக்காரன் தண்ணீர் தெளித்து வைத்திருந்த மல்லிகைக்குள் குடியிருந்து, என் கழுத்துக்கு இடம்பெயர்ந்து, பிடரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இனி எங்கே போவது என்று யோசிக்கிறது. சொறிய முடியாது. மேடையில் நடுக்கதிரையில் இருப்பவன் சொறியக்கூடாது, கொட்டாவி விடக்கூடாது, மணிக்கூட்டைப் பார்க்கக்கூடாது. தன்னைப் புகழும்போது நிலத்தைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பவனைப் புகழும்போது புகழ்கிறவனைப் பார்க்க வேண்டும். அரசியலில் நான் ஒழுங்காகக் கற்றுத் தேறிய பாடம் இவ்வளவுதான். ஐந்து பொன்னாடைகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தோளில் கிடக்கின்றன. பெயர்தான் பொன்னாடை, எல்லாம் பொலியெஸ்ரர். உள்ளே சட்டை தோய்ந்து முதுகோடு ஒட்டிவிட்டது. பங்குனி வெயில், தகரக் கூரை, மூன்று மின்விசிறி, அதில் ஒன்றை எங்கள் கட்சித் தலைவருக்கு மட்டும் காற்றுப் படும்படி திருப்பி வைத்திருக்கிறார்கள். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் வில்வரெத்தினம் மாஸ்ரர், இளைப்பாறிய அதிபர், விழாக் குழுவின் தலைவர், என்னைப் பற்றிய மலரின் ஆசிரியர். எனக்கு எழுபது வயதானதற்கு இந்த விழா. எழுபது வயதாவதற்கு நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, சாகாமல் இருந்தேன். "வடக்கின் சட்டச் சிற்பி குலவீரசிங்கம் ஐயா அவர்கள், அறுபத்து மூன்று தீர்மானங்களையும் ஒரு நியதிச் சட்டத்தையும் இந்த மண்ணுக்கு ஈந்த பெருந்தகை" என்கிறார் மாஸ்ரர். ஈந்த. எனக்கு வாய்க்குள் புளிக்கிறது. மூன்றாவது வரிசையில் ஓரக் கதிரையில் அருமைத்துரை இருக்கிறார், மடியில் ஒரு பொன்னாடைப் பொட்டலம். நிகழ்ச்சி நிரலில் கடைசிக்கு முன்னது என்னுடைய ஏற்புரை. கடைசி, 'பயன்பெற்ற மக்கள் சார்பில் பொன்னாடை போர்த்தல், திரு. க. அருமைத்துரை.' பயன்பெற்ற மக்கள்! அந்த மனிதரின் மனைவி செத்தது என்னால். அது எனக்குத் தெரியும், என் மனைவி பரமேசுவுக்குத் தெரியும், இந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரியாது. ஏற்புரையில் அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு வந்திருக்கிறேன். சொன்னால் என் அரசியல் இன்றோடு சரி. சொல்லாவிட்டால் அந்தப் பொட்டலத்தில் இருப்பதை நான் தோளில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தீர்மானித்துக்கொண்டு. பார், எனக்கு எல்லாமே தீர்மானம்தான். அறுபத்து நாலாவது. மாஸ்ரர் அந்த அறுபத்து மூன்றையும் வரிசையாக வாசிக்கப் போகிறாரா என்ன, ஐயையோ, வாசிக்கிறார். ஏதோ ஒரு தூர தேசத்தில் நடந்த யுத்தத்தை உடனே நிறுத்தும்படி இச்சபை கேட்டுக்கொள்கிறது. அந்த யுத்தம் அதற்கு முந்தின கிழமையே நின்றுவிட்டது, எங்களுக்குப் பேப்பர் பார்க்க நேரமிருக்கவில்லை. ஒரு சந்திக்குப் புலவர் ஒருவரின் பெயரைச் சூட்டும்படி இச்சபை கோருகிறது. சூட்டவில்லை, இன்றும் அது பெற்றோல்செட் சந்திதான். கண்டிக்கிறது, வலியுறுத்துகிறது, ஆழ்ந்த கவலையைத் தெரிவிக்கிறது. ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், பன்னிரண்டு பேர் பேச வேண்டும், எல்லாரும் மேசையில் தட்ட வேண்டும், 'ஏகமனதாக' என்ற சொல்லைச் செயலாளர் எழுத வேண்டும். பிறகு அது தட்டச்சாகி, மண்ணிறக் கடித உறைக்குள் கொழும்புக்குப் போகும். மூன்று மாதம் கழித்து, தங்கள் கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியையும் நாங்கள் வெற்றி என்று பேப்பரில் போடுவோம். தீர்மானம் போடுவதற்குக் கோபம் மட்டும் இருந்தால் போதும், அந்தக் கோபமும் காலை பத்து மணியிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாங்கினால் போதும். மாகாண சபையில் ஐந்து வருடம் நான் அதைத்தான் செய்தேன். அதற்குத்தான் வாகனம், அதற்குத்தான் கௌரவ என்ற அடைமொழி, அதற்குத்தான் போகிற இடமெல்லாம் மேளதாளம். முப்பத்தோராவது தீர்மானத்துக்கு வந்துவிட்டார் மாஸ்ரர், சனம் கைதட்டுகிறது. எதற்குத் தட்டுகிறார்கள்? பசிக்கும், வெக்கைக்கும், இது முடிந்தால் பின்னால் பெட்டியில் இருக்கிற சாப்பாட்டுக்கும் தட்டுகிறார்கள். அவர்களில் எனக்குக் கோபமில்லை. என்னில்தான் எனக்கு அருவருப்பு, கழுத்தில் ஊர்வது எறும்பா நானா என்று தெரியாத மாதிரி ஓர் அருவருப்பு.

நியதிச் சட்டம், மாகாண சபை தன் எல்லைக்குள் தானே இயற்றுகிற சட்டம், அது வேறு. அதற்குக் கோபம் உதவாது, வேலை செய்ய வேண்டும். எத்தனை அடி, யார் பொறுப்பு, எத்தனை நாளுக்குள், செய்யாவிட்டால் என்ன தண்டம், யார் வந்து பார்ப்பது. சபைக்கு வருமுன் நான் நில அளவையாளன். சங்கிலி பிடித்தவன், முப்பத்து நாலு வருடம். என் உத்தியோகத்தில் பொய் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரன் வேலியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவான், அதனால் பொய் சொல்லத் தெரியாமலே இருந்தேன். புளியங்கண்டிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது சறோசினி. முன்பள்ளி ஆசிரியை, அருமைத்துரையின் மனைவி, ஒல்லியான மனுசி, கதைக்கும்போது சைக்கிள் பெல்லைப் பெருவிரலால் தடவிக்கொண்டே கதைக்கும். அந்த ஊரில் சுண்ணாம்புக்கல்லை வெட்டி ஏற்றிவிட்டுக் குழிகளை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். பதினேழு குழி. ஒழுங்கையின் ஓரத்தோடு ஓரமாக, வேலி இல்லை, ஒரு தடி இல்லை. கோடையில் ஆடு விழும். மாரியில் ஒழுங்கையிலும் தண்ணீர், குழியிலும் தண்ணீர், எது தெரு எது குழி என்று தெரியாது. நான் பழைய பழக்கத்தில் டேப்பை எடுத்துக் கல்லைக் கட்டி இறக்கி அளந்தேன். முன்பள்ளிக்குப் போகிற ஒழுங்கையில் இருந்த குழி இருபத்திரண்டு அடி. இருபத்திரண்டு என்று நான் வாய்விட்டுச் சொன்னேன், அவள் கொப்பியில் எழுதினாள். "ஐயா, அளந்துபோட்டு என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "கனபேர் வந்து பாத்தவை, படம் எடுத்தவை. ஒருத்தரும் அளக்கேல்லை. நீங்கள் அளந்திருக்கிறியள், அதாலை கேக்கிறன்." அந்தக் கேள்விதான் பதினாலு மாதம் என்னை இருத்தி எழுத வைத்தது. பதினாறு பிரிவு. கல் அகழ்ந்தவன் ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும், நிரப்பும்வரை நாலரை அடி வேலி, இல்லையென்றால் பிரதேச சபை வேலியைப் போட்டுவிட்டுச் செலவை அவனிடம் அறவிடும். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரேயொரு உருப்படியான எழுத்து. அதில் கண்டிக்கிறது என்ற சொல்லே இல்லை. எதிரணிக்காரரும் வாசித்துப் பார்த்துவிட்டு ஆதரவு தருவதாகச் சொன்னார்கள். மாஸ்ரர் இப்போது அதற்குத்தான் வந்திருக்கிறார், மலரில் அதற்கு ஒரு முழுப் பக்கம், முகப்பின் படம், கீழே கொட்டை எழுத்தில், 'கொழும்பு குழிதோண்டிப் புதைத்த சட்டம்.'

கொழும்பு புதைக்கவில்லை மாஸ்ரர். நான் சிற்றுண்டிச்சாலையில் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு நிகழ்ச்சி நிரலில் விடயம் நான்கு அது. காலையில் கூடினதும் எங்கள் தலைவர் எழுந்து, ஓர் அவசரத் தீர்மானம் இருக்கிறது, அதை முதலில் எடுக்க வேண்டும் என்றார். சபையின் தவிசாளர் முடியாது என்றார். என்ன அவசரம் என்பது எனக்கு இப்போது ஞாபகமில்லை, சத்தியமாக ஞாபகமில்லை, யாரையோ கண்டிக்கிற அவசரம். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்தார். அதுதான் எங்களுக்குச் சைகை. கண்ணாடி கூட்டுக்குள் போனால் வெளிநடப்பு. பன்னிரண்டு பேரும் எழுந்தோம். எழுந்து போகும்போது நடுவில் நின்று ஒருதரம் கையை உயர்த்திக் கத்த வேண்டும், நான் கத்தினேன். எங்கள் வெளிநடப்புக்கு ஒரு முறை இருந்தது. நேரே சிற்றுண்டிச்சாலைக்குப் போவோம். ரோல்ஸ், வடை, தேத்தண்ணீர். பத்திரிகைக்காரர் வருவார்கள், வேப்பமரத்தடியில் தலைவர் பேட்டி கொடுப்பார். உள்ளே தவிசாளர் சபையைத் தேநீருக்கு ஒத்திவைப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் ஒன்றும் நடக்காத மாதிரி உள்ளே போய் இருப்போம். இத்தனை வருடமும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் எழுந்தேன், சட்டத்தை மறந்து எழவில்லை. ஆனால் சபையின் காலம் முடிய இன்னும் ஒரே ஒரு அமர்வுதான் இருந்தது, நிலுவையை முடித்துவிட வேண்டும் என்று அந்த மனிதர் அன்றைக்கு ஒத்திவைக்கவில்லை. சிற்றுண்டிச்சாலைச் சுவரில், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, சபை நடவடிக்கை கேட்கிற ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. ஒருவரும் அதைக் கேட்பதில்லை. நான் ரோல்ஸை இரண்டாம் கடி கடித்தபோது அது, "விடயம் நான்கு" என்றது.

இருபத்தைந்து யார், அதாவது எழுபத்தைந்து அடி தூரம். நான் அளவையாளன், எனக்குத் தெரியும். வாசலுக்கு எட்டு, தாழ்வாரம் பன்னிரண்டு, உள்ளே என் கதிரைக்கு ஐந்து. "கௌரவ உறுப்பினர் குலவீரசிங்கம்" என்றது ஒலிபெருக்கி. விரல் முழுக்க எண்ணெய். துடைக்கக் கடதாசி தேடினேன் என்பது எனக்கு நானே பிறகு சொல்லிக்கொண்ட கதை, கடதாசி மேசையிலேயே இருந்தது. எழும்பப் பார்த்தேன். பக்கத்தில் தலைவர், அவருக்கு முன்னால் இரண்டு பத்திரிகைக்காரர், ஒரு கமெரா. தலைவர் என் முழங்காலில் கையை வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார், அவ்வளவுதான். "இரும் தம்பி" என்றார் சிரித்துக்கொண்டே, "இப்ப நீர் உள்ளை போனால் நாளைக்குப் பேப்பரிலை நாங்கள் ரெண்டாப் பிளந்ததெண்டெல்லோ வரும்." எனக்கு அறுபத்து நாலு வயது, தம்பி. "கௌரவ உறுப்பினர் குலவீரசிங்கம்" என்றது இரண்டாம் தரம். வாய்க்குள் மாவும் கிழங்கும், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தவிசாளர் கொஞ்சம் பொறுத்தார். அந்தப் பொறுத்த நேரம், அந்த மனிதர் வேண்டுமென்றே எனக்குத் தந்த நேரம். மூன்றாம் தரமும் கூப்பிட்டார். பிறகு, "உறுப்பினர் சபையில் இல்லை. விடயம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது" என்றார். பதினாலு மாதம். நான் விழுங்கினேன். அந்தக் கவளம் இறங்கிய இடத்தை நெஞ்சில் இப்போதும் தொட்டுக் காட்டுவேன். அடுத்த அமர்வில் நேரமில்லை, பிரியாவிடைப் பேச்சுகளும் குழுப்படமும். அதோடு சபையும் முடிந்தது, பிறகு தேர்தலே இல்லை. வேப்பமரத்தடியில் ஒரு நிருபர், கல்குழிச் சட்டம் என்னாச்சு என்று கேட்டான். தலைவர், "மத்தியின்ரை தலையீடு" என்று ஒரு சொல் சொன்னார். மறுநாள் அது தலைப்பு. நான் மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பது பொய் சொல்வதை விடச் சுகமான வேலை. ஹன்சாட்டில், சபைப் பேச்சுகளின் பதிவேட்டில், உண்மை அப்படியே அச்சில் இருக்கிறது, எல்லா நூலகத்திலும் இருக்கிறது, ஒரு சீவன் புரட்டிப் பார்க்கவில்லை. மாஸ்ரரே மலருக்காகப் பழைய பேப்பர்களைத்தான் வெட்டி ஒட்டினார்.

அன்றிலிருந்து எட்டாம் மாதம், கார்த்திகை மழை. ஐந்து நாள் விடாமல் ஊற்றிய மழைக்கு அடுத்த காலை. முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால்மா வந்திருக்கிறது, நனைந்துவிடும், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சறோசினி சைக்கிளில் போயிருக்கிறாள். தெருவும் குழியும் ஒரே மட்டத் தண்ணீர். சைக்கிளோடு போய்விட்டாள். இருபத்திரண்டு அடி, மழைத் தண்ணீரோடு இன்னும் கூட இருக்கும், நான் அளக்கவில்லை. நாலரை அடி வேலி இருந்திருந்தால், பனைமட்டை வேலியாவது இருந்திருந்தால்... இந்த நினைப்பு இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொருதரமும் நின்றுவிடுகிறது, ஏறாத மேட்டில் நிற்கிற பழைய லொறி மாதிரி உறுமிக்கொண்டு நிற்கிறது, பிறகு பின்னால் உருண்டு மறுபடி சிற்றுண்டிச்சாலைக்குப் போகிறது. செத்த வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், போகாவிட்டால் கதைப்பார்கள். என்னைக் கண்டதும் ஒலிவாங்கியைக் கொண்டு வந்தார்கள், எங்கள் ஊரில் பிணத்துக்கு முன்னாலும் ஒலிவாங்கி இருக்கும். இரங்கலுரை நிகழ்த்தினேன். ஆறு நிமிடம். கொழும்பு இந்தச் சட்டத்தை நிறைவேற விட்டிருந்தால் இந்தத் தாய் இன்று எங்கள் மத்தியில் இருந்திருப்பாள் என்று, அவள் காலடியில் நின்றுகொண்டு, நாக்கூசாமல் சொன்னேன். சனம் விம்மியது. என் கண்ணிலும் தண்ணீர் வந்தது, அதுதான் எல்லாவற்றையும் விடக் கேவலம், அது உண்மையான தண்ணீர். அருமைத்துரை வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் மேசன், உள்ளங்கை சீமெந்தில் வெடித்துச் சொரசொரவென்று இருந்தது. நான் அன்றிரவு வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன், பரமேசு பார்த்துக்கொண்டு நின்றாள், அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன்.

கைதட்டல். மாஸ்ரர் முடித்துவிட்டார். எறும்பு கடித்துவிட்டது, கடிக்கட்டும். தலைவர் எழுகிறார். எண்பது வயது, இன்னும் குரல் கணீரென்று இருக்கிறது. என்னைத் 'தம்பி குலவீரசிங்கம்' என்கிறார். மண்டபம் சிரிக்கிறது, அன்பாகச் சிரிக்கிறது. இந்த மனிதருக்கு அந்த முழங்கால் ஞாபகம் இருக்குமா? இருக்காது. கையை வைத்தவருக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் அவரில் பழியைப் போட்டு நான் தப்ப முடியாது, அவர் கை நூறு கிராம் கனமும் இல்லை. "தேர்தல் வரப்போகுது" என்கிறார் தலைவர், "வந்தால் எங்கடை பட்டியலிலை முதல் பேர் தம்பியின்ரை பேர்தான் எண்டு இந்த மேடையிலை வைச்சுச் சொல்லிப்போட்டுத்தான் போவன்." கைதட்டல், விசில். பரமேசு முன்வரிசையில் நிமிர்ந்து இருக்கிறாள், என்னையே பார்க்கிறாள். காலையில் சட்டைக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டு நான் அவளுக்குச் சொன்னேன், இன்றைக்குச் சொல்லப் போகிறேன் என்று. சொல்ல வேண்டாம் என்று அழுவாள் என்று நினைத்தேன். அவள் சேலைக்குச் சுருக்கு எடுத்துக்கொண்டே, "சொல்லுறதெண்டால் அண்டைக்குச் செத்தவீட்டிலை சொல்லியிருக்கோணும்" என்றாள். "இப்ப சொல்லுறது ஆருக்கு? அந்த மனுசனுக்கோ, உங்கடை நித்திரைக்கோ?" "ரெண்டுக்கும்தான்" என்றேன். "பாப்பம்" என்றாள். நாற்பத்தொரு வருடம் என்னோடு வாழ்ந்தவள், பாப்பம் என்றாள். நான் செய்ய மாட்டேன் என்பது அதற்கு அர்த்தம். அதனாலேயே செய்ய வேண்டும். குளியலறையில் கதவைச் சாத்திவிட்டு நாலு வசனம் பாடமாக்கினேன், சின்னச் சின்ன வசனம், அளவையாளன் எழுதுகிற வசனம். அன்றைக்கு நான் எழுந்து வெளியே போனேன். என் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். எனக்குக் கேட்டது. நான் போகவில்லை. இதற்குள் இச்சபை இல்லை, கொழும்பு இல்லை, நாங்கள் இல்லை. நான் மட்டும்தான்.

எழுந்துவிட்டேன். ஒலிவாங்கி மாஸ்ரரின் எச்சிலும் சூடுமாக இருக்கிறது. பெரியோர்களே, தாய்மார்களே என்று நாக்கு தானாகப் போகிறது, போகட்டும், வாசல் வரைக்கும் அது போகிற பாதைதான். மூன்றாவது வரிசையைப் பார்க்கிறேன். அருமைத்துரை வெள்ளைச் சட்டையின் மேல்பொத்தானும் பூட்டி, பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "புளியங்கண்டிக் கல்குழிச் சட்டத்தைப் பற்றி மாஸ்ரர் சொன்னார்" என்கிறேன். என் குரல் இறங்கிவிட்டது. "அன்றைக்கு நான் எழுந்து வெளியே போனேன்." சொல்லிவிட்டேன். பின்வரிசையில் யாரோ ஒருவன் கைதட்டுகிறான். ஏன் தட்டுகிறான்? "என் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள்." இன்னும் பத்துப் பேர் தட்டுகிறார்கள். "எனக்குக் கேட்டது." தலைவர் தலையை ஆட்டுகிறார், பெருமையாக ஆட்டுகிறார். "நான் போகவில்லை." மண்டபம் முழுக்க எழும்புகிறது. "விலைபோகாத தலைவன்!" என்று ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான். அவர்களுக்குக் கொழும்பு மூன்று தரம் கூப்பிட்டும் போகாத வீரனாக நான் தெரிகிறேன். என் வாயிலிருந்து ஆறு வருடத்துக்குப் பிறகு வந்த முழு உண்மையை ஒரு மண்டபம் நிறையச் சனம் கைதட்டிக் கைதட்டிப் பொய்யாக்குகிறது. இன்னும் ஒரே ஒரு வசனம் போதும். சிற்றுண்டிச்சாலையில் இருந்து தின்றுகொண்டிருந்தேன் என்ற ஒரு வசனம், அதற்கு மேல் யாராலும் கைதட்ட முடியாது. கைதட்டல் ஓயட்டும் என்று நிற்கிறேன். ஓய்கிறது. எல்லாரும் இருக்கிறார்கள். மின்விசிறியின் சத்தம் கேட்கிறது. பரமேசு மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வசனம் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது, மாவும் கிழங்கும் மாதிரி. தவிசாளர் அன்றைக்குப் பொறுத்த மாதிரி முழு மண்டபமும் எனக்காகப் பொறுத்திருக்கிறது. "நன்றி, வணக்கம்" என்கிறேன்.

கதிரையில் விழுந்தேன். தலைவர் என் தோளில் தட்டி ஏதோ சொன்னார், கேட்கவில்லை. மாஸ்ரர் தழுதழுத்த குரலில் பயன்பெற்ற மக்கள் சார்பில் என்று தொடங்கினார். அருமைத்துரை படியேறி வந்தார், செருப்பைக் கீழே கழற்றிவிட்டு வந்தார். பொட்டலத்தைப் பிரித்து, மடிப்பு விரித்து, ஐந்துக்கு மேல் ஆறாவதாக என் தோளில் போர்த்தினார். போர்த்தக் குனிந்தவர் அப்படியே என் காதடியில் மெல்லச் சொன்னார். "ஐயா சொன்னது சரி. அண்டைக்கு நானும் அவவும் மேலை பார்வையாளர் கலரியிலை இருந்தனாங்கள். சட்டம் பாஸாகிறதைப் பாக்கோணும் எண்டு அவதான் கூட்டிக்கொண்டு வந்தவ. மூண்டு தரம் கூப்பிட்டவை. நான் எழும்பினனான். அவ கையைப் பிடிச்சு இருத்திப்போட்டு, பாத்றூமுக்குப் போயிருப்பார், இப்ப ஓடி வந்திடுவார் பாருங்கோ எண்டவ." குரலில் கோபம் இல்லை. கோபத்தைத் தேடினேன், கெஞ்சித் தேடினேன், இல்லை. செத்த வீட்டில் என் கைகளைப் பிடித்தபோதும் இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "பிறகு ஏன் வந்தனீங்கள்?" என்றேன். எனக்கே கேட்காத குரல். "கூப்பிட்டவை ஐயா. வராமல் விட்டால் பிறகு ஒரு தேவைக்கு உங்களிட்டை வரேலாதெல்லே. மூத்தவள் தூரத்திலை, துணுக்காயிலை படிப்பிக்கிறாள், கைக்குழந்தையோடை. கிட்டடிக்கு மாற்றம் எடுக்கிறதுக்கு உங்கடை கடிதம் ஒண்டு வேணும்." கீழே படம் எடுக்கிறவன், ஐயா ரெண்டு பேரும் இஞ்சை பாருங்கோ என்றான். நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். "நாளைக்குக் காலமை வீட்டை வாங்கோ" என்றேன். அவர் ஓம் என்று தலையாட்டிவிட்டு, என் தோளில் ஒரு பக்கம் சரிந்திருந்த பொன்னாடையை இழுத்து நேராக்கிவிட்டுப் படியிறங்கிப் போனார்.